பாதி டீச்சர்

பத்து வருடம் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "ஒண்ணும் வலிக்காதுங்க" என்று தினமும் நாற்பது பேரிடம் கூசாமல் பொய் சொன்னவள் அவள். முப்பத்து மூன்று வயதில் ஒரு நாள், "நான் டீச்சருக்குப் படிக்கப்போறேன்" என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பல்லைப் பிடுங்குற இடத்துலேர்ந்து உயிரை வாங்குற இடத்துக்கா? போயிட்டு வா."

அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

பயிற்சிக் கல்லூரியில் மற்ற எல்லோருக்கும் பத்தொன்பது, இருபது வயது. முதல் நாளே அவள் 'அக்கா' ஆகிவிட்டாள். குழந்தையின் மனம் வெள்ளைக் காகிதம் என்று நோட்ஸ் கொடுத்தார்கள். அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்தாள். பிறகு ஆறு வாரப் பயிற்சிக்கு ஒரு தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே முப்பத்தொரு வெள்ளைக் காகிதங்கள். பாதிக்கு மேல் ஏற்கெனவே கிறுக்கப்பட்டிருந்தன.

முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சிறுமி முதல் நாளே எழுந்து நின்றாள். எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பதால் வகுப்பில் அவள் பெயர் வக்கீல்.

"நீங்க நிஜ டீச்சரா?"

"இன்னும் படிச்சிட்டிருக்கேன்மா."

"அப்ப பாதி டீச்சர்."

தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது.

அவள் எழுதிய பாடத்திட்டத்தில் முதல் வரி 'ஆர்வமூட்டல்: ஐந்து நிமிடம்.' அதன்படி, "நீங்க என்னென்ன பிராணி பாத்திருக்கீங்க?" என்று கேட்டாள். ஒருவன் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் செத்துக் கிடந்த பல்லியைப் பற்றிச் சொன்னான். உடனே எல்லோருக்கும் ஏதோ ஒன்று செத்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. ஆர்வமூட்டல் முப்பத்தைந்து நிமிடம் நடந்தது.

மூன்றாவது வாரம், கல்லூரி விரிவுரையாளர் வந்து அவள் வகுப்பெடுப்பதைப் பார்த்து மார்க் போடுவதாக இருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு திருத்தும் வகுப்பாசிரியை அதற்கு முந்தின நாள் அவளைக் கூப்பிட்டு, "இன்னைக்கே ஒருவாட்டி ஒத்திகை பாத்துருங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். அவள் இரண்டு வாட்டி பார்த்தாள்.

மறுநாள் விரிவுரையாளர் வந்து குழந்தைகள் நாற்காலியில் முழங்கால் மோவாயைத் தொட உட்கார்ந்தார். பாடம், உயிருள்ளவையும் உயிரற்றவையும். அவள் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். வாயைத் திறப்பதற்குள் முப்பத்தொரு குரல்கள்: "உயிரற்றது!"

"ஏன்னா..."

"வளராது! சாப்பிடாது! மூச்சு விடாது!"

நாற்பது நிமிடப் பாடம் ஆறு நிமிடத்தில் முடிந்தது. வக்கீல் எழுந்தாள்.

"டீச்சர், இப்ப நீங்க எல்லாரும் கைதட்டுங்கன்னு சொல்லணும். நேத்து சொன்னீங்களே."

விரிவுரையாளரின் பேனா நின்றது. வகுப்பாசிரியை ஒரு நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு பொய் கைவசம் இருக்கும். அன்று ஒன்றும் வரவில்லை.

"ஆமா, நேத்தே நடத்திட்டேன்" என்றாள். "மேடம்கிட்ட நல்ல பேர் வாங்கலாம்னுதான். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல. உங்களுக்கு ஏதாச்சும் சந்தேகம் இருந்தா கேளுங்க."

ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

"பஸ் நகருது, டீசல் குடிக்குது, புகை விடுது. அதுக்கு ஏன் உயிர் இல்ல?"

"பஸ் வளராதேப்பா."

"எங்கப்பாவும் வளரல."

"உங்கப்பாவுக்குத் தொப்பை வளருதே!" என்றது இன்னொரு பெஞ்சு.

வக்கீல் கையைத் தூக்கினாள். "முட்டைக்கு உயிர் இருக்கா?"

பாடப்புத்தகத்தில் கோழி இருந்தது. முட்டை இல்லை. "எனக்குத் தெரியல."

"உங்களுக்கே தெரியாதா?" வக்கீலின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"தெரியாது. எப்படிக் கண்டுபிடிக்கலாம், சொல்லுங்க."

காதில் வைத்துக் கேட்கலாம் என்றான் ஒருவன். கோழியையே கேட்கலாம் என்றாள் ஒருத்தி. தானே அடைகாத்துப் பார்ப்பதாக ஒருவன் முன்வந்தான். மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

வராந்தாவில் விரிவுரையாளர் அவளிடம், "பசங்க முன்னாடி உண்மைய ஒத்துக்கிட்டீங்க, நல்லதுதான். ஆனா இது எதுவும் உங்க பாடத்திட்டத்துல இல்லையேம்மா. நான் எங்க மார்க் போடறது?" என்றார். எங்கும் போடவில்லை. 'மாணவர் பங்கேற்பு: மிக அதிகம். வகுப்புக் கட்டுப்பாடு: இல்லை.' மூன்று வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வருவார்.

வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்ததும் கணவன், "என்னாச்சு?" என்றான்.

"ஃபெயிலு."

"நான் முதமுதல்ல லிஃப்ட் ரிப்பேர் பண்ணப்ப, எங்க முதலாளியையே ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்ட வெச்சிட்டேன்."

"அய்யய்யோ. அப்புறம்?"

"உள்ள இருந்துக்கிட்டே என்னை வேலையவிட்டுத் தூக்கிட்டாரு."

மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தாள்.

அடுத்த முறை ஒத்திகை இல்லை. பாடம், நீளம் அளத்தல். வகுப்பறையை அவரவர் பாதத்தால் அளக்கச் சொன்னாள். ஆளுக்கொரு விடை வந்தது, கூடவே சண்டையும் வந்தது. எல்லோருக்கும் ஒரே கால் இருந்தால்தான் சரிவரும் என்று முடிவாயிற்று. யாருடைய கால் என்று அடுத்த சண்டை. வக்கீல் நேராக விரிவுரையாளரிடம் போனாள்.

"மேடம், உங்க செருப்பு ஒண்ணு தர்றீங்களா? சண்டை தீர்ந்துரும்."

விரிவுரையாளர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மணி அடிக்கும்வரை வெறுங்காலோடு எழுதிக்கொண்டிருந்தார். அறையின் நீளம் இருபத்தொன்பது செருப்பு. முப்பத்தொரு பேருக்கும் ஒரே விடை.

அந்த முறை நூற்றுக்கு ஐம்பத்தாறு வாங்கித் தேறினாள். மறுவருடம் வேறொரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு கிடைத்தது. பாடத்திட்டம் இப்போதும் எழுதுகிறாள். ஆர்வமூட்டலின் ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்கிறாள்.