பாக்கியமேரி கடையும் முற்றத்துத் தண்ணீரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் புத்தூர்த் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தபோது யாருக்கும் தலைகால் புரியவில்லை. கழிப்பறை, குளியலறையோடு நின்றார்களா? வீட்டுக்கு வீடு திறந்த முற்றத்தில் விழுகிற மழைத் தண்ணீரையும் அதே குழாயில் இணைத்துவிட்டார்கள். இனி வாசல் சேறாகாது என்று ஒரே பெருமை.

அந்தப் பெருமையெல்லாம் போய்ச் சேர்ந்த இடம், தெருவின் பள்ளத்துக் கடைசியில் இருந்த பாக்கியமேரியின் இட்லிக் கடை. கணவர் இறந்தபின் அந்தக் கடையை நம்பித்தான் தன் இரண்டு பெண்களையும் வளர்த்துவந்தார். எதிர் மாடியில் குடியிருந்த எனக்கும் சாப்பாடு அங்கேதான்.

வெயில் காலத்தில் ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் மழை வலுத்ததும் குழாய் கொள்ளவில்லை. கழிவு எதிர்த்து ஏறி அவர் அடுப்படி மூலையில் பொங்கியது. சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கடைய மூடிடுவேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழாய் சிறிசு என்று தெருவே அதிகாரிகளைத் திட்டியது. திட்டுவதற்குக் காசா பணமா! பாக்கியமேரி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார். அதில் துளசி இலைகள் மிதந்தன.

நேரே மேட்டு வீட்டு ரத்தினவேலிடம் போய் நின்றார். தெருவிலேயே பெரிய முற்றம் அவருடையது. நடுவில் துளசி மாடம்; குளிக்காமல் அதன் பக்கம்கூட போகமாட்டார்.

"அண்ணே, நம்ம தெருவுல துளசி மாடம் உங்க வீட்டுல மட்டும்தான் இருக்கு. அந்த இலை மழையோட அடிச்சுக்கிட்டு வந்து, எங்க அடுப்படியில அசிங்கத்தோட அசிங்கமா மிதக்குதுங்க."

மனிதர் முகம் செத்துப்போயிற்று. "பெருமாளே!" என்றார். அன்றே கொத்தனாரைக் கூப்பிட்டுக் குழாயின் வாயை அடைத்து, முற்றத்துத் தண்ணீரைத் தெரு வாய்க்காலுக்குத் திருப்பினார். அதோடு விட்டாரா? வீடு வீடாக ஏறிச் சண்டை போட்டார். அவர் குரலுக்குப் பயந்தே பாதிப் பேர் அடைத்தார்கள். மீதிப் பேரிடம் பாக்கியமேரி, "அடைக்கிற வரைக்கும் உங்களுக்கு இட்லி கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலையிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. வெளியே வாய்க்கால் கரை புரண்டு ஓடியது. ஆய்வாளர் குடையோடு வந்துவிட்டார். அவர் பின்னால் தெருவே நனைந்துகொண்டு வந்தது. நானும் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

ஆய்வாளர் அடுப்படி மூலையில் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது.

"நடத்துங்கம்மா" என்றார்.

ரத்தினவேல் போட்ட சத்தத்தில் மழைச் சத்தமே அமுங்கிப்போனது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். பாக்கியமேரி அழுதுகொண்டே சிரித்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், அடுப்பில் இட்லிப் பானையை ஏற்றினார்.