நடக்காத மெக்கானிக்குகள்

மஞ்சூர் பேருந்தில் இருந்தபோது நம் அலுவலகத்துக் கவிதா அழைத்தாள். "அக்கா, எட்வின் சார் காலைல தவறிட்டாருங்க. நாளைக்கு குன்னூர்ல அடக்கம்." சரி என்று மட்டும் சொன்னேன். அழுகை வரவில்லை. ஏன் என்று அவருடன் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். நாளை கல்லறையில் நீங்கள் அதைச் சொல்லமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பேக்கரிக்கு மேல்மாடியில் நம் அலுவலகம். விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கர்களைக் கணினியில் அமைத்து ஓட்டிப் பார்ப்போம். எந்த விமானம் எப்போது வரலாம், எங்கே நிற்கலாம் என்று சொல்லும் சிமுலேஷன் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர், மறுக்கவில்லை. வாய்தான் விஷம். பந்தலூரிலிருந்து வந்த என்னை முதல் வாரமே எல்லோர் முன்னிலும் கேட்டார்: "எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற மாதிரி நெனச்சியா, கைக்கு வந்த நம்பரை அள்ளிப் போட?"

"கொழுந்தையும் பார்த்துத்தான் சார் பறிப்பாங்க" என்றேன். என் அம்மா பறிப்பவர். அந்தப் பதிலை அவர் மறக்கவே இல்லை.

பிறகு அந்த ஹேங்கர் வேலை வந்தது. விமானங்கள் தாமதமாகின்றன, மெக்கானிக்குகளைக் குறைக்கலாமா என்று நிறுவனம் கேட்டது. நான் ஓட்டிப் பார்த்ததில் ஆட்கள் சும்மா இல்லை. உதிரிபாக அறை கடைக்கோடியில் இருந்ததால் நடந்தே ஓய்ந்தார்கள். அறையை மாற்றினால் போதும்.

"சரியாத்தான் இருக்கு. ஆனா அவங்க கேட்டது இது இல்லையேம்மா" என்றார் எட்வின் சார்.

மறுநாள் நிறுவனத்தார் முன் திரையில் ஓடியது வேறு. ஆட்கள் நடக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்கியிருந்தார். பாதி ஆட்கள் வேலையின்றி நின்றார்கள்.

"சார், இதுல யாருமே நடக்கறதில்லைங்க" என்றேன்.

"இந்தப் பொண்ணுக்கு ஹேங்கர் தெரியாதுங்க. பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சுட்டு இருக்கு."

சிரித்தார்கள். நீங்களும்தான்.

ஆட்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். தாமதம் இன்னும் கூடியது. அப்போது என் பழைய மாடலை எடுத்துத் தன்னுடையதாகக் காட்டினார். உதிரிபாக அறை இடம் மாறியது, விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பின. அனுப்பப்பட்டவர்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அவர் அதைக் காட்டிய அன்றே நான் வேலையை விட்டேன்.

இன்று மாலை எட்வின் சாரின் மனைவி பேசினார். "வந்து நல்லதா ரெண்டு வார்த்தை பேசோணும் கண்ணு." அந்த அம்மா என்னிடம் எப்போதும் அன்பாக இருந்தவர். "என்னால முடியாதுங்கம்மா" என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை.

"மாடலை ஒரு தடவை ஓட்டி வர்றதை நம்பாதீங்க. மழை பெய்யும், பார்ட் வராது, ஆளு லீவு போடுவான். அத்தனையும் போட்டு ஓட்டுங்க" என்பார் எட்வின் சார். அதை மட்டும் வைத்திருக்கிறேன். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்கிறேன். யார் சொன்னது என்று கேட்டால், பெயர் சொல்வதில்லை.