சித்தியின் இரண்டு விலை

ஒரே தாய்க்குப் பிறந்த நாய்க்குட்டிகளுக்கு என் சித்தி இரண்டு விலை வைத்திருந்தாள். வீட்டில் வளர்க்கக் கேட்பவர்களுக்கு ஒன்று. நாய்க் கண்காட்சியில் நிறுத்தக் கேட்பவர்களுக்கு அதைப் போல நாலு மடங்கு. யாங்கோனில் தாமுவே சந்தைக்குப் பின்னால் ஒரு இரண்டாம் மாடியில், தையல் மிஷின் மேஜையை ஜன்னல் ஓரம் தள்ளி, அதன்மேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, ஒவ்வொரு குட்டியாக நிறுத்திப் பார்த்து எது ஷோ குட்டி, எது வீட்டுக் குட்டி என்று முடிவு செய்வாள். ஒரே பால் குடித்து ஒரே கூடையில் புரண்டதுகளில் ஒன்று மட்டும் எப்படி எட்டு லட்சம் கியாட், மற்றது இரண்டு லட்சம் என்று அப்பா ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்பார். சித்தியும் ஒவ்வொரு தீபாவளிக்கும், "அத்தான், உங்க மேனேஜரும் நீங்களும் ஒரே கேன்டீன்லதானே சாப்பிடுறீங்க?" என்பாள். அப்பா முறுக்கை எடுத்துக் கடிக்கத் தொடங்கிவிடுவார்.

சித்தி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொமரேனியன் வளர்த்தாள். அம்மாவின் தங்கை என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்குக் கறார். கையில் காசு இருக்கிறது, வீட்டுக்குத்தான், ஆனால் எட்டு லட்சத்துக் குட்டியைக் கொடு என்று வந்தவர்களை டீ கொடுத்துத் திருப்பி அனுப்புவாள். மேடையில் நிற்க வேண்டிய நாயைச் சோபாவில் உட்கார வைக்க விற்கமாட்டாளாம். வீட்டுக்குத்தான் என்று சொல்லி, நல்ல குட்டியைக் குறைந்த விலையில் தட்டிக்கொண்டு போக வருபவர்களும் உண்டு. அவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறாள் என்று ஒருநாள் கேட்டேன்.

"கையப் பாரு. வீட்டுக்குக் கேக்குறவங்க கை மொதல்ல குட்டியோட தலைக்குப் போகும். ஷோவுக்குன்னு வந்தவங்க கை வாலுக்குப் போகும். அவங்களால அடக்க முடியாதுடி."

பொமரேனியனுக்கு வால் முதுகின்மேல் விசிறி மாதிரி படிந்து கிடக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். அதன்பிறகு வருகிறவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சித்தி சொன்னது ஒருமுறைகூடத் தவறவில்லை. அவளைப் போல உலகத்தில் யாருக்கும் கண் கிடையாது என்பது என் முடிவு. பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பற்றிக்கூட நான் அப்படி நினைத்ததில்லை.

நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறைக்கு, தின்கன்ஜூனில் எங்கள் வீட்டிலிருந்து என்னைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவளுடைய பெண் நாய் நிறைமாதம். ஈத்துக்கு முன்பே அதில் ஒரு ஷோ குட்டிக்கு முன்பணம் கொடுத்திருந்தார் ஒரு ஊலே. பர்மிய மொழியில் ஊலே என்றால் மாமா. அவர் தங்கக்கடை வைத்திருந்த பெரியவர். பல வருடமாகச் சித்தியிடம் குட்டி வாங்கி, கண்காட்சிகளில் கோப்பை வாங்கிக்கொண்டிருந்தார். அந்த எட்டு லட்சத்தில் நாய்களின் அறைக்கு ஏசி போட வேண்டும் என்று சித்தி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சுவரில் எந்த இடம் என்றுகூடச் சாக்பீஸால் கோடு கிழித்தாயிற்று.

மூன்று குட்டிகள் பிறந்தன. மூன்றாவது எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. ஏப்ரல் வெயிலில் யாங்கோனில் மனிதர்களே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியும்போது, உடம்பெல்லாம் ரோமத்தோடு பிறந்த ஜீவன் என்ன செய்யும்? கரண்ட் வேறு நினைத்த நேரத்துக்குப் போகும். "மீ போயிருச்சு, ஓடு!" என்று சித்தி கத்துவாள். பர்மிய மொழியில் கரண்டுக்கு மீ என்று பெயர். சித்தி ஐஸ் உறைந்த போத்தல்களைத் துணியில் சுற்றிக் கூடையில் வைப்பாள். நான் மூங்கில் விசிறியால் விசிறுவேன். மூன்றாவதுக்குத் தனியாக ஈரத்துணி ஒத்தடம் கொடுப்பது என் வேலை. கண் திறந்ததும் அது முதலில் பார்த்தது என் கவுன் ஓரத்தைத்தான் போலிருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் அந்தக் கவுனைக் கடித்துக்கொண்டே வீடு முழுக்க என்னோடு வந்தது. பொன்னிறமாக இருந்ததால் ஷ்வே என்று கூப்பிட்டேன், தங்கம் என்று அர்த்தம்.

எனக்கு ஷ்வே வேண்டும். அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறதில்லை என்று அப்பாவுக்குப் போன் போட்டு அழுதேன்.

அப்பா ஒரு கப்பல் சரக்கு ஆபீசில் குமாஸ்தா. தன் கல்யாணத்தில் வரதட்சிணையாக ஒரு காசு வாங்கவில்லை என்பதை எங்களுக்கு அடிக்கடி நினைவுபடுத்துவார். அம்மா வீட்டிலிருந்து ஒரு புடவை வந்தால்கூட, மறுவாரமே ஏதாவது வாங்கிக் கொடுத்து நேர் செய்துவிடுவார். "உன் சித்தி சொல்ற விலைக்கு வாங்க எனக்கு வக்கில்ல பாப்பா. சும்மா வாங்கிக்க மனசில்ல. குறைச்சுக் குடுத்தாலும் அது பிச்சதான்," என்று போனை வைத்துவிட்டார். சித்தி பக்கத்தில்தான் ஐஸ் போத்தலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் போனைத் தாண்டிக் கேட்கும் குரல். அவள் துணி சுற்றுவதை நிறுத்தவில்லை. எனக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மழை தொடங்கிய வாரத்தில் குட்டிகளைத் தரம் பார்க்கும் நாள் வந்தது. சித்தி முதல் குட்டியை ரப்பர் விரிப்பில் நிறுத்தினாள். பல்லைப் பார்த்தாள், காலைத் தொட்டாள், "வீடு," என்றாள். இரண்டாவதும் வீடு. பிறகு ஷ்வேயை நிறுத்திக் கையை எடுத்தாள். எலிக்குஞ்சாகப் பிறந்த அது, கழுத்தைத் தூக்கி, வாலை முதுகில் சாய்த்து, தெருவில் ஊர்வலம் பார்ப்பது போல அசையாமல் நின்றது. சித்தி மேஜையைச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். திரும்பவும் சுற்றி வந்தாள். நான் கவுன் ஓரத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த சாக்பீஸ் கோட்டையும் பார்த்தாள்.

"வீடு," என்றாள்.

"ஏன்?"

"பெருசாயிடும். எலும்பு கனமா இருக்கு. சின்னதா இருந்தாத்தான் ஷோவுக்கு நிக்கும்."

விலை குறைந்தால் எனக்குத்தான் நல்லது என்று யோசிக்கிற வயதா அது? என் ஷ்வே ஃபெயிலாகிவிட்டது. அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. சித்தியும் வற்புறுத்தவில்லை.

மறுநாள் ஊலே வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, லுங்கி நுனியை உதறிக்கொண்டு உட்கார்ந்தார். இந்த ஈத்தில் ஷோ குட்டி இல்லை என்று சித்தி பர்மிய மொழியில் சொல்லி, முன்பணம் இருந்த உறையை அவர் முன்னால் வைத்துவிட்டு டீ எடுக்க உள்ளே போனாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் ஷ்வேயைத் தூக்கி வந்து மேஜையில் நிறுத்தினேன். சித்தி செய்வது போலவே மோவாய்க்கு அடியில் விரலைக் கொடுத்து, முன்காலை நேராக்கி, கையை எடுத்தேன். ஷ்வே என் மானத்தைக் காப்பாற்றியது. நேற்று நின்றதைவிட நன்றாக நின்றது.

ஊலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எழுந்து வந்து, சித்தி சுற்றியது போலவே மேஜையைச் சுற்றி வந்தார். டீயோடு வந்த சித்தி கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"யாருடைய குட்டி இது?" என்று பர்மிய மொழியில் என்னைக் கேட்டார்.

"என்னுடையது. ஷோ குட்டிதான். சித்திக்குத்தான் தெரியவில்லை," என்று நானும் பர்மிய மொழியிலேயே ஒரே மூச்சில் சொன்னேன்.

ஊலே சித்தியைப் பார்த்தார். சித்தி டீ கிளாசைப் பார்த்தாள். "பெரிதாகிவிடும் ஊலே," என்றாள். விலை சொல்லும்போது இருக்கும் அந்தக் கறார் குரல் இல்லை அது, ஏதோ கேட்டுக்கொள்கிற குரல். ஷ்வே அவரைப் பார்க்காமல் என் கவுன் ஓரத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. அவர் கையை நீட்டினார். அந்தக் கை வாலுக்குப் போகும் என்று நான் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அது ஷ்வேயின் தலைக்குப் போனது. இரண்டு காதுக்கும் நடுவில் விரலால் மெதுவாகத் தேய்த்துக் கொடுத்தார்.

"ஆமாம், பெரிதாகிவிடும். வீட்டு நாய்தான்," என்றார். முன்பணத்தைத் திரும்ப வாங்கவில்லை. அடுத்த ஈத்துக்கு இருக்கட்டும் என்று உறையைச் சித்தி பக்கம் தள்ளிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார். இத்தனை கோப்பை வாங்கிய மனிதருக்கும் கண் தெரியவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை அழைத்துப் போக வந்தார். சித்தி ஷ்வேயைக் காதைப் பிடிக்காத குறையாகத் தூக்கிக் காட்டினாள். "அந்த ரெண்டும் வித்துப் போச்சு அத்தான். இது மட்டும் தங்கிருச்சு. ஊலேகூட வேணாம்னுட்டார். இதுக்குத் தீனி போட்டு என்னால கட்டுப்படியாகாது." தன் குட்டி எதையும் அவள் இப்படி மட்டமாகப் பேசி நான் கேட்டதில்லை. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. சந்தையில் கத்திரிக்காய் பார்ப்பது போல ஷ்வேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சித்தி ஒரு லட்சம் என்றாள். அப்பா சொத்தையைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி பேரம் பேசினார். சித்தியும் விட்டுக்கொடுக்காமல் வாதாடி, பெரிய நஷ்டம் வந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டு ஐம்பதாயிரத்துக்கு இறங்கினாள். அப்பா நோட்டுகளை எண்ணி அவள் கையில் வைத்தார். ஒரு உபகாரம் செய்துவிட்ட திருப்தி அவர் நடையிலேயே தெரிந்தது. டாக்சியில் ஏறும்போது நான் சித்திக்கு டாட்டா காட்டவில்லை.

வீட்டில் அப்பா அதற்குத் தள்ளுபடி என்று பெயர் வைத்தார். நாலைந்து மாதத்தில் ரோமம் உதிர்ந்து ஷ்வே பார்க்கச் சகிக்காமல் ஆனபோது, "ஐம்பதாயிரத்துக்கு வேற எப்படி இருக்கும்?" என்றார். வருடம் முடிவதற்குள் புது ரோமம் வந்தது. சாயங்காலம் கூட்டிக்கொண்டு போனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஷ்வேயைப் பார்த்தார்கள். பெரிதாகும் என்று சித்தி சொன்னாளே என்று அப்பா வாசல் நிலையில் ஒன்றரைச் சாண் உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுவைத்து, மாதாமாதம் ஷ்வேயை அதன் பக்கத்தில் நிறுத்தினார். ஷ்வே கோட்டைத் தாண்டவே இல்லை. நம் வீட்டுச் சாப்பாடு அவ்வளவுதான் என்று அம்மாவைக் குறை சொன்னார்.

இப்போது சித்தியின் குட்டிகளைப் படம் எடுத்துப் போனில் போடுவதும், விலை கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலை. எத்தனையோ ஈத்து அந்த ரப்பர் விரிப்பில் ஏறி இறங்கிவிட்டது. ஷ்வே நின்றது போல ஒன்று நின்று நான் இதுவரை பார்க்கவில்லை. சித்தியிடம் சொன்னால், "உனக்கு உன் நாய்தான் ஒசத்தி," என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். எட்டு லட்சத்தை ஐம்பதாயிரம் என்று சொல்லி என் மடியில் வைத்து அனுப்பியவள் அவள். அப்பாவின் தலை குனியாமல், எனக்கும் தெரியாமல் அதைச் செய்தாள். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் அடுத்த வருட விடுமுறையில் ஷ்வேயைத் தூக்கிக்கொண்டு தாமுவேக்குப் போன எனக்கு இதெல்லாம் தெரியாது. சுவரில் சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது, ஏசி வந்திருக்கவில்லை. கரண்ட் போயிருந்தது. சித்தி தரையில் உட்கார்ந்து வேர்த்து விறுவிறுக்க நாய்களுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். நான் ஷ்வேயைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தினேன்.

"பாத்தீங்களா? பெருசாவே இல்ல. நீங்க சொன்னது தப்பு."

சித்தி விசிறியைக் கீழே வைத்துவிட்டு ஷ்வேயை வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமாடி. என் கண்ணு தப்பிருச்சு," என்றாள்.

அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாவமாக இருந்தது. ஒரு வருடமாகப் பிடித்து வைத்திருந்த கோபத்தை விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டேன். "பரவாயில்ல சித்தி, அடுத்த தடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்று அவளைப் பெரிய மனது பண்ணி மன்னித்தேன்.