பென்சில் தொட்ட கன்னம்

பழைய புகைப்படக் கண்ணாடித் தட்டின் ஓரத்தில் கற்பகவல்லி மெல்ல ஊதினாள். மூச்சு பட்ட இடம் மங்கியது. "இது வெறும் பக்கம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருப்பிப் பிடித்தாள். படம் பூசிய பக்கத்தில் ஆவி நிற்காது.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் மாடி அறைதான் அவளுடைய காப்பகம். பிலிம் புழக்கத்துக்கு வரும் முன் கண்ணாடியில்தான் முகங்களைப் பிடித்தார்கள். மூடிப்போன ஸ்டுடியோக்களிலிருந்து அந்தத் தட்டுகளைச் சேகரித்து, தூசி தட்டி, காகித உறையிட்டு, புத்தகம்போல நிற்க வைப்பாள். எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் போனை எடுப்பாள்: "எந்தக் கம்பெனி? ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?"

பெயர் தெரியாத முகம் அவளை உறங்க விடாது. கோயில் பங்குனிப் பொங்கல் கூட்டத்தில் அந்தப் படங்களின் பிரதிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, "யாருன்னு தெரியுதா?" என்று போவோர் வருவோரையெல்லாம் கேட்டாள். ஆமத்தூரிலிருந்து வந்த மூதாட்டி செல்லத்தாய் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டார்.

"இது நாந்தான். ஆனா நான் இல்ல."

மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எடுத்த படம். அதில் பளிங்குக் கன்னம். எதிரே நின்றவர் கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு.

"படத்தப் பாத்துத்தான் சம்மதிச்சாக. தாலி கட்டுன அன்னைக்குத்தான் அவுக எம் மூஞ்சியப் பாத்தாக. ஏமாத்திட்டேன்னு சாகுற மட்டும் சொன்னாக. நான் என்னத்த ஏமாத்துனேன்?"

மாடிக்கு அழைத்துவந்து அந்தப் படத்தின் தட்டைச் சாய்த்துப் பிடித்தாள் கற்பகவல்லி. பக்கவாட்டு வெளிச்சத்தில் கன்னத்தில் பென்சில் புள்ளிகள் மினுங்கின.

"ஸ்டுடியோக்காரரு டச்சிங் பண்ணியிருக்காரு, பெரியம்மா. ஒவ்வொரு தழும்பையும் பென்சிலால அடைச்சிருக்காரு."

"அத அழிச்சிரு, தாயி."

"தட்டுல கை வைக்க மாட்டேன். அந்தப் பென்சிலும் நடந்த சங்கதிதான?"

செல்லத்தாயின் முகம் வாடியதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தட்டை உறையிலிட்டாள். கணினியில் இருந்த பிரதியைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக நீக்கத் தொடங்கினாள். அடைபட்டிருந்த தழும்புகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. செல்லத்தாய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பழைய படம், புதிய படம் இரண்டையும் கற்பகவல்லி அச்செடுத்து மேசையில் வைத்தாள்.

செல்லத்தாய் புதியதைக் கண்ணருகே கொண்டுபோனார். "இந்தா இருக்கேன்ல!" என்றார்.

பிறகு வழவழப்பான அந்த இன்னொருத்தியை, கோபமில்லாமல், மேசையில் முகம் கவிழ்த்து வைத்தார்.