மடியம்மனின் பாவாடை

எங்கள் மாமா இரண்டு வேலை செய்தார். இரண்டையும் எங்கள் வீட்டில் யாரும் வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்று, நாவல் எழுதுவது. மற்றது, பழைய கோயில்களிலும் காடுமேடுகளிலும் கிடக்கும் சிலைகளைத் தேடிப் போய், அளந்து, வரைந்து, அவை எந்தக் காலத்தவை, யாருடையவை என்று எழுதுவது. பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளிப் பக்கத்தில் வயலும் பனங்காடுமாக இருந்த எங்கள் குடும்பத்துக்கு இந்த இரண்டில் எது மோசம் என்று கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. “ஒண்ணு, இல்லாததெ எழுதறது. இன்னொண்ணு, சும்மா கெடக்கறதெப் போயி அளக்கறது” என்பார் பெரியப்பா. வீட்டுக்குப் பெரியவர் அவர்தான்.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். அத்தை, பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் ஒரே தங்கை. கோயமுத்தூரில் படித்து, சென்னைப் பட்டணத்தில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்து, அதையும் விட்டுவிட்டு எழுத்தை நம்பி இறங்கியவர் மாமா. அவருடைய நாவல்கள் மாதப் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு புத்தகமாகும். அவற்றில் கட்டாயம் ஒரு பெண் தொலைந்துபோவாள். கடைசி அத்தியாயத்தில் கட்டாயம் கிடைத்துவிடுவாள். எங்கள் வீட்டுப் பெண்கள் பெரியப்பாவுக்குத் தெரியாமல் அவற்றைப் படித்து அழுதார்கள். பெரியப்பா பெண்களுக்குத் தெரியாமல் படித்தார்.

அப்படிப் படித்துக்கொண்டு வரும்போதுதான் ஒரு நாவலில், நெல் பத்தாயத்தின் மேலேயே பாயை விரித்துப் படுக்கும் பண்ணையார் ஒருவரை அவர் சந்தித்தார். ஊரில் பத்தாயத்தின் மேல் படுக்கிறவர் பெரியப்பா ஒருவர்தான். அன்றைக்கே கட்டிலுக்கு மாறினார். ஏன் மாறினார் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை, கேட்டால் புத்தகம் படித்ததும் வெளியே வந்துவிடுமே! அதிலிருந்து மாமா எதிரில் வாயைத் திறக்க எல்லோருக்கும் பயம். “அவுரு காதுல உளுந்தா அச்சுல ஏறிப்போடும், பாத்துப் பேசு” என்று அம்மா என்னை எச்சரிப்பாள்.

ஆனால் சிலை விஷயத்தில் மாமா வேறு ஆள். மூக்கு உடைந்த சிலையை மூக்கில்லாமல்தான் வரைவார். ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான், பாவமாக இருக்கிறதே, ஒரு மூக்கு வைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன்.

“இல்லாததெ வெக்கறதுக்குத்தான் கதை இருக்குது அம்மிணி. இது வேற” என்றார்.

அந்த ‘வேற’ என்ன என்று பட்டணத்தில் படித்தவர்களுக்கே புரியவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சமணர்கள் வந்து போயிருக்க வேண்டும், அவர்கள் விட்டுப்போன சிலைகள் இந்தப் பக்கம் எங்கேயாவது கிடைக்கும் என்று மாமா ஒரு சபையில் பேசினாராம். பேசி முடித்ததும் பெரிய பட்டம் வாங்கிய ஒருவர் எழுந்து, “கதை எழுதுகிறவர் கல்லுக்கும் கதை கட்டுகிறார்” என்று சொல்ல, சபை முழுக்கச் சிரித்ததாம். மாமா இதை யாரிடமும் சொல்லவில்லை. அத்தைதான் அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டாள். “நாவலெத் திட்டுனாச் சிரிச்சுக்குவாருங்கொ. இதுக்கு ராத்திரியெல்லாம் தூங்கலெ” என்றாள்.

அத்தைக்கு வேறு கவலையும் இருந்தது. இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டுமே தங்கவில்லை. மூன்றாவது முறை வயிற்றில் தரித்ததும் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். மடியம்மன் பக்கத்தில் இருந்தால் இந்தத் தடவை பிள்ளை தங்கிவிடும் என்று அவளுக்கு அசையாத நம்பிக்கை. மாமாவும் ஒரு தகரப்பெட்டி நிறையக் காகிதத்தோடு கூடவே வந்து இறங்கினார்.

மடியம்மன் எங்கள் பனங்காட்டு ஓரத்தில் இருந்தாள். இடுப்பளவு உயரமுள்ள உட்கார்ந்த கல். சம்மணம் போட்டு, மடியில் ஒரு கையின் மேல் இன்னொரு கையை மலர்த்தி வைத்திருப்பாள். பிள்ளையை வாங்கிக்கொள்வதற்காக நீட்டிய கை அது என்பார்கள். தலைக்கு மேலே அதே கல்லில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை, அம்மனுக்கு வெயில் ஆகாது என்பதால். காது தோள்வரைக்கும் தொங்கும். கனத்த நகை போட்டுப் போட்டு இழுபட்டுப்போன அந்தக் காலத்துப் பொம்பளைக் காது. மற்றபடி முகம், உடம்பு ஒன்றும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக அப்பிய எண்ணெயும் மஞ்சளும் அடை அடையாக ஏறியிருக்கும். அதற்கு மேலே சேலை.

பிள்ளைத்தாய்ச்சிகள் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். குழந்தை பிறந்தால் முதலில் அந்த மடியில் கிடத்திய பிறகுதான் தொட்டிலில் போடுவார்கள். அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் சேலை மாற்றுவதும் பெண்கள் வேலை. ஆண்கள் வரப்புக்கு அந்தப் பக்கமே நின்று கும்பிட்டுவிட்டுப் போகவேண்டும். மாமாவும் அங்கே நின்றுதான் பார்த்தார். சேலைக்கு மேலே தெரிந்த அந்த மூன்று குடைகளைத்தான் பார்த்தார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அம்மனின் கை எப்படி, கால் எப்படி, காது எப்படி என்று விசாரித்தார். பெரியவர் ஒருவர் என்னிடம் இவ்வளவு அக்கறையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. கை கால்களை அம்மனைப் போல வைத்து உட்கார்ந்தே காட்டினேன். மாமா எழுந்து வாசலில் இங்கும் அங்கும் நடந்தார். மறுநாள் பட்டணத்துக்கு எழுதிப்போட்டார். சபையில் சிரித்த அதே பெரிய மனிதர், தாமே நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் எழுதினார்.

வருகிறவர் வருவதற்குள் மாமாவுக்கு அம்மனை ஒரு தடவை சரியாகப் பார்த்தாக வேண்டும்.

“ஒருக்கா பாத்தாப் போதும் புள்ளெ. தொடக்கூட மாட்டேன்” என்று அத்தையிடம் கேட்டார்.

“ஆம்பளைங்க பாக்கப்படாதுங்க மாமா.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ஆனால் தகரப்பெட்டியைத் திறக்கவும் இல்லை. தட்டில் போட்டதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அத்தை அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை தாழ்வாரத்துக்கு வந்து, “சீயக்காய் அரைச்சு வெச்சிருக்கறனுங்க, வாங்க” என்றாள். மாமா நம்பாமல் அவளைப் பார்த்தார். “என்ற புள்ளையெக் காப்பாத்தப் போறவ, புள்ளையோட அப்பனெக் கண்டாக் கோவிச்சுக்குவாளாக்கும்?” என்றாள்.

மாமா வெந்நீர்த் தவலையைத் தூக்கிக்கொண்டார். நான் சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டேன். அம்மன் மரத்து நிழலில் இருந்ததால், வெயிலைக் கண்ணாடியில் வாங்கிக் கல்லின் மேல் அடிக்கவேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்திருந்தார். அத்தை சேலையை அவிழ்த்து, வெந்நீரை ஊற்றி ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். ஏழு மாத வயிற்றோடு அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் மாமாவைக் கிட்டே வரவிடவில்லை. மஞ்சள் குழம்பாக வழிந்து மண்ணில் ஓடியது.

முதலில் நெற்றி வந்தது. பிறகு பாதி மூடிய கண்கள், சிரிப்பா இல்லையா என்று சொல்லமுடியாத வாய். நான் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். மாமாவின் பென்சில் பின்னாலேயே மெதுவாக இறங்கியது. தோள் வந்தது, மார்பு வந்தது. பலகைபோலத் தட்டையான மார்பு. உடம்பில் ஒரு பொட்டு நகை இல்லை, துணி இல்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவருடைய நாவலில் தொலைந்த பெண் கடைசி அத்தியாயத்தில் வீட்டுப் படி ஏறி வந்தால் அப்பன்காரன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தால் அடக்கிவைக்கும் வழக்கம் இல்லை.

“ஏனுங் மாமா, அம்மனுக்கு மாரே இல்லையே? ஆம்பளையாட்டம் இருக்குதே?” என்றேன்.

அத்தையின் கை நின்றது. ஒரு கையில் நார், இன்னொரு கை வயிற்றின் மேல். அவள் கல்லைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்தாள். தவலையிலிருந்து ஆவி மட்டும் எழுந்துகொண்டிருந்தது. மாமா தொண்டையைச் செருமினார்.

“மாரு எப்பிடி அம்மிணி இருக்கும்? இது கன்னிப்புள்ளெ. உன்ற வயசுதான். இன்னும் பெரிசாகலெ.”

“அப்பறம் காது ஏன் அத்தனை நீட்டமா இருக்குது?”

“அவுங்கம்மா சொல்ற பேச்சையே கேக்கமாட்டாளாம். தெனமும் காதெப் புடிச்சு இழுத்து இழுத்து அப்பிடி நீண்டுபோச்சு. நீயும் சூதானமா இரு.”

அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சீயக்காய் பட்டுவிட்டது என்றாள். பிறகு, “அதானே பாத்தேன்! கன்னிப்புள்ளைக்குப் போயி சேலையெச் சுத்தி வெச்சிருக்கறோம்” என்று சொல்லிக்கொண்டே, மலர்ந்திருந்த அந்தக் கையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் கும்பிட்டாள்.

மாமா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். படம் கழுத்துவரைதான் வந்திருந்தது. “இன்னும் முடியலையே மாமா” என்றேன். “வெளிச்சம் போயிருச்சு அம்மிணி” என்றார். எனக்கு அழுகையாக வந்தது. வெயில் உச்சியில் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை நான் இம்மிகூட ஆட்டவில்லை. கை வலிக்க வலிக்கப் பிடித்த என்மேல் பழி போடுகிறாரே என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

பட்டணத்துப் பெரிய மனிதர் சொன்னபடி கஞ்சிக்கோடு ஸ்டேஷனில் வந்து இறங்கினார். மாமாவும், வண்டி கட்டிக்கொண்டு பெரியப்பாவும் போனார்கள். அவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். நடந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் பெரியப்பா எல்லோருக்கும் சொன்னார்.

“வந்தவுரு வண்டீல ஏறவே இல்லெ. நம்ம மாப்பளெ போயி, ‘நாந்தான் தப்பா நெனச்சுப்போட்டனுங்க, அது வெறுங்கல்லு’ங்கறாரு. ‘எனக்கு அப்பவே தெரியும், நீங்க நாவலோட நின்னுக்குங்க’ன்னு சிரிச்சுப்போட்டு, அவுரு அடுத்த ரயிலெப் புடிச்சுப் போயிட்டாரு. மாட்டெ ஓட்டிட்டுப் போனதுதான் மிச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவர் போதும் போதும் என்று கையை மறிக்க, அதை விலக்கிவிட்டு நெய்யை ஊற்றினாள்.

தன் பழைய கல்யாணப் பட்டில் ஓர் ஓரத்தை வெட்டி அம்மனுக்கு அவளே பாவாடை தைத்தாள். அம்மன் என் வயதுப் பெண்தான் என்று நான் களத்திலும் கிணற்றடியிலும் பீற்றிக்கொண்டு திரிந்ததில் விஷயம் ஊரெல்லாம் பரவியது. ஆளாளுக்குப் பாவாடை கொண்டுவர ஆரம்பித்தார்கள். அத்தைக்குப் பெண் பிறந்தது. மஞ்சள் பூசிய அந்த மடியில் அவளைக் கிடத்தியபோது ஊரே கேட்கும்படி வீரிட்டு அழுதாள். அவள் தங்கினாள். இன்றைக்கு அவளே பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அம்மனுக்கும் ஓட்டுக்கூரை போட்டாகிவிட்டது. சேலை கட்டுவது அடியோடு நின்று, பாவாடைதான் ஆதிகாலத்திலிருந்து வரும் வழக்கம் என்று இப்போது பூசை செய்கிறவர் சொல்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை.

கல்யாணமாகிச் சென்னைக்குப் போன பிறகு, ஜனங்கள் ‘செத்த காலேஜ்’ என்று சொல்லும் மியூசியத்துக்கு ஒருநாள் போயிருந்தேன். அங்கே ஒரு மூலையில், வேறொரு கல்லில், எங்கள் மடியம்மன் உட்கார்ந்திருந்தாள். அதே சம்மணம், அதே மலர்ந்த கை, தோள்வரை தொங்கும் காது, தலைக்கு மேல் மூன்று குடை. கீழே பலகையில் சமணத் தீர்த்தங்கரர் என்று எழுதியிருந்தது. நாடு, வீடு, பெண்டாட்டி, பிள்ளை என்று எல்லாவற்றையும் துறந்துவிட்டுப் போய் உட்கார்ந்தவர். அவரிடம்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகப் பிள்ளைவரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வயதான காலத்தில் மாமா சிற்பங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று எழுதினார். அதன் பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்க எந்தச் சபையிலும் ஆள் இல்லை. வாளையாறு தொடங்கி அவர் கால்பட்ட இடமெல்லாம் அதில் இருக்கிறது. மூக்கு இல்லாத சிலைகள் மூக்கு இல்லாமலே இருக்கின்றன. எங்கள் ஊர் மட்டும் இல்லை. கணவாய் வழியாகச் சமணர் வந்தார்கள் என்ற பேச்சும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே அத்தாட்சி எங்கள் பனங்காட்டில் பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இத்தனை வருஷம் கழித்தும் கண்ணை மூடினால் அந்த வெள்ளிக்கிழமை அப்படியே தெரிகிறது. அம்மன் என் வயதுப் பெண் என்று மாமா எனக்குத்தான் பதில் சொன்னார், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்திருந்தேன். அந்தப் பதிலைச் சொல்லும்போது அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.