மாகாணசபை மாமாவும் மொண்டெல்லோ சிஞ்ஞோராவும்

அம்மாவின் தமையன் ஊரில் அப்புக்காத்து. சட்டத்தரணி என்பது பேப்பருக்கு. சனத்தின் வாயில் அப்புக்காத்துத்தான். அப்பா அவரைப் பற்றி எப்போதும் ஒரு பழமொழி சொல்வார்: "அப்புக்காத்து வீட்டுக் கோழிமுட்டையும் அம்மியை உடைக்கும்." பழமொழியில் இருந்தது அரசன் வீட்டுக் கோழி. அதைப் பிடித்து மச்சானின் கூட்டில் அடைத்தவர் அப்பா.

சண்டைக் காலத்தில் அந்த அப்புக்காத்து இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து, அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் இரண்டு அறை வீட்டில் சோபாவில் படுத்தார். இங்கே அவருடைய சட்டத்தை யார் கேட்டது? கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் வயதான ஒரு சிஞ்ஞோராவை, இத்தாலியச் சீமாட்டியை, பார்க்கும் வேலைதான் கிடைத்தது. ஆறு வருசம். குளிக்க வார்ப்பது, நகம் வெட்டுவது, மாத்திரை கொடுப்பது. சிஞ்ஞோரா மாத்திரை வேண்டாமென்று வாயை இறுக்கிக்கொண்டால், நீதவானுக்கு முன் நிற்பதுபோல் நின்று வாதாடி விழுங்கவைப்பாராம். அவருடைய நீண்ட பெயர் சிஞ்ஞோராவின் நாக்கில் ஏறவில்லை. எங்கள் ஆட்களுக்கு இங்கே வழமையாக நடப்பதுதான். முதல் நாளே வேறு பெயர் வைத்துவிடுவார்கள். அப்பா மரியோ. மாமா பிப்போ.

சண்டை முடிந்த கையோடு மாமா ஊருக்குத் திரும்பினார். வேலையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். எங்களில் வேலை வெளியே போகாது. சீதனக் காணிபோலச் சொந்தத்துக்குள்ளேயே சுற்றும். அங்கே மறுபடி கறுப்புக் கோட்டுப் போட்டார், காணி வழக்குகள் பேசினார், பிறகு மாகாணசபைத் தேர்தலில் நின்றார். அம்மா இங்கிருந்து சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் எடுத்து வாக்குக் கேட்டார். மாமா வென்றார்.

அவருடைய தேர்தல் துண்டுப்பிரசுரம் எங்கள் பிரிட்ஜில் ஒட்டியிருந்தது. நான் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிக்கப் பழகியதே அதில்தான். 'இத்தாலியில் சட்ட ஆலோசகராகப் பணியாற்றியவர்' என்று ஒரு வரி.

"அம்மா, சட்ட ஆலோசகர் எண்டால் என்ன? நகம் வெட்டுறவரோ?"

அம்மாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "வாயை மூடு பிள்ளை! இந்தக் கதை வெளியிலை போகப்படாது. அங்கை மாமாக்கு எதிரா நிக்கிறவங்கள் கேட்டாங்களெண்டால் சிரிச்சே அவரை வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள்."

அடுத்த மாதம் மாமா வெளிநாட்டுத் தமிழரைச் சந்திக்க வருவதாகச் செய்தி வந்தது. எங்கள் தெருவிலிருந்து நாலு எட்டில் உள்ள தேவாலய மண்டபத்தில் வரவேற்பு. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சொன்னதை நான் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினேன். வெளி என்றால் தமிழ் ஆட்கள் என்றுதான் விளங்கிக்கொண்டேன். ஆகவே அம்மாவோடு மொண்டெல்லோவுக்குப் போன ஒரு நாள், அவர் குசினியில் நின்ற நேரம், சிஞ்ஞோராவின் காதுக்குள் சொன்னேன்: ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி, இன்ன மண்டபம், பிப்போ வருகிறார். சிஞ்ஞோரா என் கன்னத்தைக் கிள்ளி ஒரு பிஸ்கட் தந்தார்.

ஞாயிறன்று மாமாவைப் பார்த்தால் மாமாவாகவே தெரியவில்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் இங்கத்தைத் தமிழ்ச் சங்கத்தார் போர்த்த சரிகைச் சால்வை. ஊருக்கு அனுப்புவதற்காக ஒரு தம்பி பேச்சை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். "எமது மக்களின் உரிமை..." என்று மாமா குரலை உயர்த்திய இடத்தில் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் சிஞ்ஞோரா. பின்னால் தள்ளிக்கொண்டு, மூச்சுவாங்கியபடி அவருடைய மகள்.

"பிப்போ! பிப்போ மியோ!" என் பிப்போ என்று கூப்பிட்டார்.

மண்டபமே திரும்பியது. எங்களுக்குப் பின்னால் ஒரு அன்ரி, "ஆரைக் கூப்பிடுறா? இஞ்சை ஆறு பிப்போ இருக்கினம். என்ரை மனுசனும் பிப்போதான்," என்றார். அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் என் தொடையில் கிள்ளினார். அது பிஸ்கட் கிள்ளல் அல்ல.

மாமா பேச்சை நிறுத்தினார். சிஞ்ஞோராவைத் தெரியாதவர்போல் இருந்துவிடுவார் என்று அப்பா நினைத்தாராம். மாமா "ஒரு நிமிசம்" என்று மைக்கில் சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்து, சிஞ்ஞோராவுக்கு முன்னால் வேட்டியோடு நிலத்தில் இருந்தார். சிஞ்ஞோரா அழுததில் மூக்கு ஒழுகியது. மாமா சால்வையின் நுனியால் மூக்கையும் நாடியையும் துடைத்தார், ஆறு வருசமும் துடைத்த கையால். பிறகு அவருடைய விரல்களைப் பிடித்துப் பார்த்து, அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நகம் வளந்திருக்கு. பாக்கிறேல்லையோ?"

அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்த அன்ரிகூட.

மாமா சால்வையை சிஞ்ஞோராவின் முழங்காலில் போர்த்திவிட்டு மேடையேறினார்.

"எங்கை விட்டனான்?"

"உரிமையிலை விட்டனியள் ஐயா," என்றார் முன்வரிசையில் ஒருவர். மாமா உரிமையிலிருந்து தொடங்கினார். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் வேறெந்தக் கூட்டத்திலும் கிடைத்திருக்காது.

அடுத்த கிழமை வீடியோ வீட்டுக்கு வந்தது. ஊருக்கும் அதுதான் போனதாம். எல்லோரும் இருந்து பார்த்தோம். மாமா "எமது மக்களின் உரிமை" என்கிறார், தோளில் சால்வை. "உரிமை யாரும் தருவதல்ல" என்கிறார், தோளில் ஒன்றுமில்லை. நடுவில் கதவுமில்லை, சிஞ்ஞோராவுமில்லை.

"சிஞ்ஞோராக்குச் சால்வை போர்த்த இடம் எங்கை?" என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்பாதான் மறுமொழி சொன்னார்: "அந்த வீடியோத் தம்பியும் காலமை ஒரு கிழவனைக் குளிக்க வாத்துப்போட்டு வந்தவன்தான், பிள்ளை."

நான் என்ன கேட்டேன், அப்பா என்ன சொல்கிறார்! நல்ல இடம் வந்த நேரம் பார்த்துக் கமராவை நிற்பாட்டிய அந்தத் தம்பிக்குத் தொழிலே தெரியாது என்று அந்தக் கிழமை முழுவதும் காண்கிற ஆட்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.