பிறந்த வீட்டுக் கோடி

கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் அம்மா வடாம் பிழிந்து காயப்போட்டிருந்த ஒரு சித்திரை மாதப் பகலில்தான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. வாய்க்கால் கரைச் சுடுகாட்டில் யாரையோ எரித்துக்கொண்டிருந்தார்கள். விறகு ஈரமோ என்னவோ, பழைய டயரைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சற்று நேரத்தில் வேட்டியில் விரித்திருந்த வடாம் முழுக்கக் கரித்தூள்.

“சாவுற மனுஷன் போற போக்குல ஊரு மூஞ்சில கரியப் பூசிட்டா போவணும்?” என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். என்னவோ நான்தான் டயர் வாங்கிக் கொடுத்ததுபோல.

அம்மா அங்கன்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நானும் அவளும்தான். நான் ஒரே பெண். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால் அம்மா தன் சாவைப் பற்றிப் பேச உட்கார்ந்திருப்பாள். கேஸ் வைத்து எரிக்கிற மேடை இருக்கிறதே, அதில் புகை குறைவு என்றேன். “சோறாக்குற கேஸ்ல என்னப் போடாத” என்றாள். வெளிநாட்டில் உடம்பைத் தண்ணீரில் கரைக்கிறார்களாம், மரத்தூளில் வைத்து உரமாக்குகிறார்களாம் என்று செல்போனில் பார்த்ததைச் சொன்னேன். மண்ணில் போட்டால் தன்னால் உரமாகிவிட்டுப் போகிறது, அதற்கு எதற்கு மிஷின் என்று சிரித்தாள்.

அப்புறம் எதிர்வீட்டு முஸ்லிம் அம்மாள் மவுத்தானார்கள். அம்மாவுக்கு முப்பது வருஷப் பழக்கம். குளிப்பாட்டி, தையல் இல்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். அடக்கம் முடிந்ததும் சந்தூக்கு காலியாகப் பள்ளிவாசலுக்குத் திரும்பி வந்துவிட்டது. வெடி இல்லை, ஜிகினா மாலை இல்லை, வழியெல்லாம் பூவைப் பிய்த்துப்போடுகிற கூத்து இல்லை. அம்மா வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு முடிவைச் சொல்லிவிட்டாள். மண்ணில்தான் போட வேண்டும். மக்காத ஒரு பொருளும் கூட வரக் கூடாது. உடம்பில் பழைய நூல் சேலை. மேலே ஒரு புன்னைக் கன்று. மழைக்காலத்தில் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும், அதனால் மழைக்காலத்தில் சாக மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தாள்.

சித்தப்பாவிடம் சொன்னேன். குதித்தார். எரிக்கிற வழக்கமுள்ள குடும்பத்தில் அண்ணியை மட்டும் குழியில் தள்ளுவதா, நாளைக்கு ஊர் என் முகத்தில் காறித் துப்பாதா, ஆம்பளப் பிள்ளை இல்லாவிட்டால் என்ன, கொள்ளி வைக்க நான் இல்லையா என்று ஒரே பாட்டு. மாசக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் அம்மாவே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியதும் அடங்கினார். சுடுகாட்டு ஓரத்தில் சின்னப் பிள்ளைகளைப் புதைக்கிற இடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆயிற்று.

அடுத்து கோடி. செத்தவர் மேல் ஒவ்வொரு சம்பந்தி வீட்டாரும் புதுத்துணி போர்த்துவார்களே, அதைச் சொல்கிறேன். இப்போதெல்லாம் வருவது எல்லாம் வழுவழு நைலக்ஸும் பாலியஸ்டரும்தான். வீடு வீடாகப் போய், வெட்கத்தைவிட்டு, நூல் துணி கொண்டுவாருங்கள், இல்லையென்றால் பூ மட்டும் போதும் என்று சொன்னேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஒரே ஒரு வீடு மிச்சம். திரு.பட்டினத்தில் இருக்கும் மாமா, அம்மாவின் அண்ணன். அங்கே கிளம்பியபோது அம்மா வாசலை மறித்துக்கொண்டாள்.

“அண்ணங்கிட்ட ஒண்ணும் சொல்லிப்புடாத. பொறந்த வீட்டுக் கோடிய வாயால கேக்குறதா? அதுவும் நான் உசுரோட இருக்கறப்ப? அது மனசு ஒடைஞ்சி போயிடும்டி.”

ஊரையெல்லாம் எதிர்த்துக்கொள்ள என்னை அனுப்பியவள், அண்ணன் என்றதும் பயந்தாள். அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. எப்படியோ போ என்று செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

வாக்குத் தவறாமல் அம்மா மாசி மாதத்தில் போனாள். வறண்ட மண். சித்தப்பா பேச்சைக் காப்பாற்றினார், பூப்பல்லக்கைக்கூட வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். கோடிகளெல்லாம் பருத்தியாகவே வந்தன. எனக்கே நம்ப முடியவில்லை. மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் கடை உறை. ஒட்டிய இடம் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான்தான் பிரித்தேன். அரக்கு நிறத்தில் தகதகவென்று ஜரிகை போட்ட சேலை. விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது, ஒரு இழைகூடப் பட்டும் இல்லை, பருத்தியும் இல்லை. பட்டு என்று சொல்லி எவனோ அவர் தலையில் கட்டியிருக்கிறான்.

“எந்தங்கச்சிக்குப் பட்டு எடுத்தேம்மா” என்றார் மாமா.

பிறந்த வீட்டுக் கோடி விழாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். இருக்கட்டும், குழியில் இறக்கும்போது உருவிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். பெண்கள் சுடுகாட்டுக்கு வரும் வழக்கம் இல்லை என்று யாரோ முனகினார்கள். அதற்கெல்லாம் செவிகொடுக்கும் நிலையில் நான் இல்லை. எத்தனை நாள் அலைச்சல், எத்தனை பேரிடம் ஏச்சுப் பேச்சு. இந்த ஒரு சேலைக்காக அத்தனையும் பாழாகவா?

இறக்கினார்கள். நான் குழிமேட்டில் மண்டியிட்டுக் குனிந்து சேலையின் ஓரத்தைப் பிடித்துவிட்டேன். இழுத்தால் வந்துவிடும். அப்போது எதிர்ப்பக்கம் நின்ற மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“பாதம் தெரியுதேம்மா. நல்லா மூடி விடு. அதுக்குக் குளிரு ஆவாது.”

மாசி வெயில் மண்டையைப் பிளந்தது. குளிராம். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, அவர்மேல், அந்தக் கடைக்காரன்மேல், எல்லாரையும்விட அம்மாமேல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லவிட்டிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? இழுக்கப் போன கையாலேயே சேலையை இழுத்து அம்மாவின் பாதத்தை மூடினேன். விரல் வெளியே தெரியாமல் செருகியும் விட்டேன். மண் விழுந்தது.

புன்னை இப்போது என் உயரத்துக்கு வந்துவிட்டது. ஆடு கடிக்காமல் முள் கட்டி, கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தேன். அதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. போகும்போதெல்லாம் என் கண்ணுக்கு அந்த அரக்குத்தான் தெரிகிறது.

போன திவசத்துக்கு மாமா வந்திருந்தார். கண் பார்வை இன்னும் மங்கிவிட்டது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, மரத்தைத் தடவிப் பார்த்தார். இந்நேரம் அம்மா மண்ணோடு மண்ணாகியிருப்பாள் இல்லையா என்று கேட்டார். ஆகியிருப்பாள் என்றேன்.

“அந்தப் பட்டு சாயமே போவாதுன்னு கடைக்காரரு சொன்னாரும்மா.”

“போவாது மாமா” என்றேன்.